பட்டாசு ஆலை வாசலில் ஆள் எண்ணும் கருவி: கரன்ட் குடிக்காத, காசு கரைக்காத லாஜிக் சிப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் ஒரு வெடி விபத்து நடந்தால் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உள்ளே எத்தனை பேர் இருந்தாங்க?" பல நேரங்களில் இதற்கு உடனே பதில் கிடைப்பதில்லை. வருகைப் பதிவேடு ஒரு கணக்கு சொல்லும், ஃபோர்மேன் வேறொரு கணக்கு சொல்வார். மீட்புப் பணிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் எத்தனை பேரைத் தேடுவது என்று தெரியாமலே தேட வேண்டியிருக்கும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அனுமதித்த எண்ணிக்கையைவிட அதிகம் பேர் வேலை பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு இந்த வட்டாரத்து விபத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

விருதுநகர் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. சிவகாசி, விருதுநகர், கிருஷ்ணன்கோவில் என்று சுற்றுவட்டாரம் முழுக்க எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் இருக்கிறார்கள். இறுதியாண்டு புராஜெக்டுக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்களுக்கு இதோ ஒரு உருப்படியான வேலை: ஆலையின் பிரதான வாசலில், உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ணி, "இப்போது உள்ளே இத்தனை பேர்" என்று காட்டும் ஒரு சின்னக் கருவி. இதற்குள் வைக்க எந்த சிப் சரிப்படும்? அதை எப்படித் தேர்ந்தெடுப்பது? படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு எச்சரிக்கை

இந்தக் கருவி மருந்து கலக்கும் அறைக்கோ, செலுத்தும் அறைக்கோ உள்ளே வைப்பதற்கானது இல்லை. வாட்ச்மேன் உட்காரும் வாசலோடு சரி. பட்டாசு ஆலைகள் 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளின் கீழ் வருகின்றன. உரிமத்தையும் பாதுகாப்பையும் கவனிப்பது பெசோ எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம். எலெக்ட்ரானிக் கருவி எதையும் வேலை நடக்கும் பகுதிக்குள் கொண்டுபோவதாக இருந்தால் அவர்களின் அனுமதி இல்லாமல் யோசிக்கவே கூடாது.

"பேட்டரியில் ஓடுவதுதானே, பொறி வராதே" என்று சிலர் நினைக்கலாம். அது தவறு. எரிவாயு, தூசு உள்ள இடங்களுக்கான ஐஇசி 60079 தரச் சான்று வாங்கிய கருவி என்றாலும், வெடிபொருள் தயாரிக்கும் இடங்களை அந்தத் தரவரிசையின் முக்கியப் பகுதிகள் தங்கள் எல்லைக்கு வெளியேதான் வைத்திருக்கின்றன. ஆக, அந்தச் சான்றிதழைக் காட்டி மருந்து அறைக்குள் நுழைய முடியாது.

பிஎல்டி என்றால் என்ன?

புரோகிராமபிள் லாஜிக் டிவைஸ் என்பதன் சுருக்கம்தான் பிஎல்டி. ஆண்டு கேட், ஆர் கேட், ஃபிளிப்-ஃபிளாப் என்று நாம் லேபில் தனித்தனி சிப்பாகச் செருகுவோமே, அவை எல்லாம் ஒரே சிப்புக்குள் இருக்கும். எதை எதோடு இணைப்பது என்பதை மட்டும் நாம் எழுதிக் கொடுத்தால் போதும். பத்து 74 வரிசை சிப்கள் செய்யும் வேலையை ஒன்றே செய்துவிடும்.

1978-ல் மோனோலித்திக் மெமரீஸ் நிறுவனம் கொண்டுவந்த 'பால்' வகை சிப்கள்தான் இதைப் பரவலாக்கின. 1985-ல் சைலிங்ஸ் நிறுவனம் 64 லாஜிக் பிளாக்குகள் கொண்ட முதல் எஃப்பிஜிஏ-வை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று சந்தையில் மூன்று ரகங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். சில டஜன் கேட்டுகளோடு முடிந்துவிடும் குட்டி பிஎல்டி, நடுத்தர அளவிலான சிபிஎல்டி, ஆயிரக்கணக்கான லாஜிக் செல்கள் கொண்ட எஃப்பிஜிஏ.

மைக்ரோகன்ட்ரோலரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எளிது. மைக்ரோகன்ட்ரோலர் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துச் செய்யும். பிஎல்டியில் நாம் எழுதுவது ஒரு சர்க்யூட். அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

கேள்வி 1: உங்களுக்கு பிஎல்டி தேவையா?

வாசல் ஒன்றே ஒன்றுதான் என்றால், நேர்மையான பதில்: தேவையில்லை. மனிதர் நடக்கும் வேகத்துக்கு ஒரு சாதாரண மைக்ரோகன்ட்ரோலரே தாராளம். தூங்கும் நிலையில் அது ஒன்றிரண்டு மைக்ரோ ஆம்பியரில் கிடக்கும், விலையும் குறைவு. மைக்ரோசிப் நிறுவனத்தின் சில பிக், ஏவிஆர் சிப்களுக்குள்ளேயே குட்டி லாஜிக் பிளாக்கும் சேர்ந்தே வருகிறது.

அப்போ பிஎல்டி எப்போது? நான்கைந்து வாசல்கள் இருந்து, எல்லாவற்றையும் ஒரே சிப் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும் என்றால் தேவை. சாஃப்ட்வேர் எங்கோ சிக்கி நின்றாலும் எண்ணிக்கை நிற்கக் கூடாது என்றால் தேவை. அச்சாபீஸ் பக்கம் போனால் காரணம் இன்னும் பலமாகிவிடும். ஆஃப்செட் மெஷினில் தாள் எண்ணுவது, என்கோடர் பல்ஸ் பிடிப்பது, இரட்டைத் தாள் வந்தால் உடனே நிறுத்துவது போன்ற வேலைகளுக்கு பிஎல்டி சரியான ஆள். சிவகாசியில் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் சமமாக அச்சுத் தொழிலும் இருப்பதால், இங்கே கற்றுக்கொள்ளும் வித்தை அங்கேயும் உதவும்.

கேள்வி 2: எவ்வளவு லாஜிக் வேண்டும்?

நம் கருவியின் தர்க்கம் இதுதான். வாசலில் முன்னும் பின்னுமாக இரண்டு அகச்சிவப்புக் கதிர்கள். வெளிப்பக்கத்துக் கதிரை 'அ' என்றும், உள்பக்கத்துக் கதிரை 'ஆ' என்றும் வைப்போம். முதலில் 'அ' மறைந்து, பிறகு இரண்டும் மறைந்து, பிறகு 'ஆ' மட்டும் மறைந்து, கடைசியில் இரண்டும் தெளிந்தால் ஒருவர் உள்ளே போயிருக்கிறார். கணக்கில் ஒன்று கூட்ட வேண்டும். இதே வரிசை தலைகீழாக வந்தால் ஒன்று கழிக்க வேண்டும். பாதி வழி போய், டிபன் பாக்ஸை மறந்துவிட்டு ஒருவர் திரும்பினால்? 'அ' மறைந்து, இரண்டும் மறைந்து, மறுபடி 'அ' மட்டும் மறைந்து, தெளிந்துவிடும். வரிசை முழுமையாகாததால் எதையும் மாற்றக் கூடாது.

இதற்குத் தேவையானதை எண்ணிப் பாருங்கள். இரண்டு சென்சார் சிக்னல்களையும் கடிகாரத்தோடு ஒத்திசைக்க 4 ஃபிளிப்-ஃபிளாப். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று நினைவில் வைக்க 3. 255 வரை எண்ண 8. மொத்தம் 15. உரிமத்தில் அனுமதித்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, தாண்டினால் சிவப்பு விளக்கு போட இன்னும் கொஞ்சம் லாஜிக். 32 அல்லது 64 மேக்ரோசெல் கொண்ட சிபிஎல்டியில் ஒரு வாசல் அடங்கிவிடும். நான்கு வாசல், எல்சிடி திரை, பதிவு வசதி என்று போனால் சில நூறு எல்யூடி வேண்டும். எல்யூடி என்பது எஃப்பிஜிஏ-வில் லாஜிக்கின் அடிப்படை அலகு.

"எதற்கும் இருக்கட்டும்" என்று பத்து மடங்கு பெரிய சிப் வாங்குவது இங்கே நஷ்டம். பெரிய சிப் சும்மா இருக்கும்போதும் அதிகம் கசியும். அடுத்த ஆண்டு மாற்றங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் மிச்சம் வைத்தால் போதும்.

கேள்வி 3: மின்சாரம் எங்கே போகிறது?

வாசலில் மின் இணைப்பு இருந்தாலும் இந்தக் கருவி பேட்டரியில் ஓடுவதே நல்லது. கரன்ட் போனால் கணக்கும் போய்விடும். மின்னல் காலத்தில் மின் கம்பி வழியாக வரும் அதிர்ச்சி அலை சிப்பையே கொன்றுவிடும்.

பேட்டரிக் கணக்கு ரொம்ப எளிது. நல்ல டபுள்-ஏ ஆல்கலைன் பேட்டரியில் சுமார் 2,000 மில்லி ஆம்பியர்-மணி பயன்படுத்தலாம் என்று வைப்போம். மூன்றை வரிசையாக இணைத்தால் வோல்ட் கூடும், இந்த அளவு மாறாது.

• சராசரி 15 மில்லி ஆம்பியர் இழுத்தால்: 133 மணி நேரம். ஐந்தரை நாளில் காலி.
• 1 மில்லி ஆம்பியர் என்றால்: 2,000 மணி நேரம். 83 நாள்.
• 0.1 மில்லி ஆம்பியர் என்றால்: 20,000 மணி நேரம். இரண்டே கால் ஆண்டு.

சிப்பின் செலவு இரண்டு வகை. ஒன்று, சும்மா இருக்கும்போதும் கசிவது. இன்னொன்று, வேலை செய்யும்போது எரிவது. இரண்டாவது, கடிகார வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் இருமடியோடும் கூடும். 3.3 வோல்ட்டில் இருந்து 1.8 வோல்ட்டுக்கு இறங்கினால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, எரியும் சக்தி ஏறத்தாழ 30 சதவீதமாகக் குறையும். ஆள் நடப்பதைப் பார்க்க 50 மெகாஹெர்ட்ஸ் எதற்கு? 10 கிலோஹெர்ட்ஸே அதிகம்தான்.

ஆனால் பலரும் தவறவிடும் இடம் வேறு. சிப் 20 மைக்ரோ ஆம்பியர்தான் குடிக்கிறது என்று பெருமைப்பட்டுவிட்டு, பக்கத்தில் பழைய 7805 ரெகுலேட்டரைப் போடுவார்கள். அது தன் பங்குக்கு மட்டும் சுமார் 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். சிப்பைப் போல 250 மடங்கு!

அடுத்தது எல்இடி. அகச்சிவப்பு எல்இடி இரண்டு, தலா 20 மில்லி ஆம்பியரில் எப்போதும் எரிந்தால் மொத்தம் 40. பேட்டரி இரண்டே நாளில் முடிந்தது. அதையே வினாடிக்கு 100 முறை, ஒவ்வொரு முறையும் 100 மைக்ரோ வினாடி மட்டும் மின்னவிட்டால் சராசரி நூறில் ஒரு பங்காகி 0.4 மில்லி ஆம்பியருக்கு வந்துவிடும். ஒருவர் கதிரைக் கடக்கும் நேரத்தில் பல முறை மின்னும் என்பதால் யாரும் தப்ப மாட்டார்கள். இப்படி மின்ன வைக்கும் வேலையையும் அதே பிஎல்டி பார்த்துக்கொள்ளும்.

மொத்தக் கணக்கு: எல்இடி 0.4, ரிசீவரும் திரையும் 0.1, சிப் 0.1. ஆக 0.6 மில்லி ஆம்பியர், சுமார் 138 நாள். 100 மைக்ரோ ஆம்பியர் சிப்பை 20 மைக்ரோ ஆம்பியர் சிப்பாக மாற்றினால் 160 நாள். மூன்று வாரம் லாபம். அதே நேரம் எல்இடி மின்னலை வினாடிக்கு 50 ஆகக் குறைத்தால் சிப்பைத் தொடாமலே 208 நாள் வரும். சிப் தேர்வில் மண்டையை உடைப்பதற்கு முன் மொத்த சர்க்யூட்டின் கணக்கைப் போடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி 4: எந்த சிப்கள் இருக்கின்றன?

குட்டி வேலைக்கு: ரெனசாஸ் நிறுவனத்தின் கிரீன்பாக், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2024-ல் கொண்டுவந்த டிபிஎல்டி வரிசை. கோடிங் தெரியாவிட்டாலும் திரையில் படம் வரைந்தே சர்க்யூட் அமைக்கலாம். பெரும்பாலான கிரீன்பாக் சிப்களில் ஒரு முறைதான் எழுத முடியும். சோதனையை முடித்துவிட்டுக் கடைசியில் எழுத வேண்டும். எட்டு பிட் எண்ணிக்கையும் ஒப்பீடும் அடங்குமா என்று முதலில் அதன் மென்பொருளிலேயே பார்த்துவிடுங்கள்.

நடுத்தரத்துக்கு: லாட்டிஸ் நிறுவனத்தின் மாக்எக்ஸ்ஓ2. 256 எல்யூடியில் இருந்து ஆரம்பிக்கிறது. உள்ளேயே ஃபிளாஷ் நினைவகம் இருப்பதால் சுவிட்ச் போட்டவுடன் வேலையைத் தொடங்கிவிடும். இதில் கவனிக்க வேண்டியது, மிகக் குறைந்த மின்சாரம் இழுக்கும் ரகம் 1.2 வோல்ட் கேட்கும். தனி ரெகுலேட்டர் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 3.3 வோல்ட்டில் நேரடியாக ஓடும் ரகம் கூடுதலாக இழுக்கும்.

கொஞ்சம் பெரிய வேலைக்கு: லாட்டிஸின் ஐசிஇ40 அல்ட்ராபிளஸ். 5,280 எல்யூடி இருந்தும், சும்மா இருக்கும்போது 100 மைக்ரோ ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். 10 கிலோஹெர்ட்ஸ் கடிகாரம் உள்ளேயே இருப்பதால் கிரிஸ்டல் வாங்க வேண்டாம். யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் போன்ற இலவச, திறந்த மென்பொருள்களிலேயே முழு வேலையும் முடிந்துவிடும் என்பது மாணவர்களுக்குப் பெரிய வசதி. பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

விலைதான் முக்கியம் என்றால்: ரெனசாஸின் ஃபோர்ஜ்எஃப்பிஜிஏ. மொத்தமாக வாங்கும்போது அரை டாலருக்குக் கீழே, காத்திருப்பு மின்னோட்டம் 20 மைக்ரோ ஆம்பியருக்குக் கீழே என்ற இலக்கோடு 2021-ல் அறிவித்தார்கள். முதல் சிப்பில் 1,120 எல்யூடி. மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. அரை டாலர் என்பது ஆயிரக்கணக்கில் வாங்குபவருக்கான விலை. ஒன்றிரண்டு வாங்கினால் அந்த விலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய 5 வோல்ட் சர்க்யூட் என்றால்: மைக்ரோசிப்பின் ஏடிஎஃப் வரிசை. பிரெட்போர்டில் செருகும் வடிவத்திலும் கிடைக்கும். ஆனால் சாதாரண ரகங்கள் மில்லி ஆம்பியர்களில் குடிக்கும். குறைந்த மின்சார ரகமா என்று பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நம் நான்கு வாசல் கருவிக்கு? பேட்டரியும் திறந்த மென்பொருளும் முக்கியம் என்றால் ஐசிஇ40 அல்ட்ராபிளஸ். சுவிட்ச் போட்டவுடன் தானாக ஓட வேண்டும், வெளியே ஃபிளாஷ் சிப் வேண்டாம் என்றால் மாக்எக்ஸ்ஓ2.

கேள்வி 5: ஐந்து வருடம் கழித்தும் கிடைக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் 2024-ல் நன்றாக மாட்டினார்கள். குறைந்த மின்சாரம் என்றாலே பல ஆண்டுகளாகப் பலரும் சொன்ன பெயர் சைலிங்ஸின் கூல்ரன்னர்-2 சிபிஎல்டி. சில பத்து மைக்ரோ ஆம்பியரில் கிடக்கும், கையால் சால்டர் செய்யவும் எளிது. 2022-ல் சைலிங்ஸை ஏஎம்டி வாங்கியது. 2024 தொடக்கத்தில் கூல்ரன்னர்-2, ஸ்பார்டன்-3 உள்ளிட்ட பழைய குடும்பங்களை நிறுத்துவதாக அறிவித்து, கடைசி ஆர்டருக்கு அந்த ஆண்டு ஜூன் வரை அவகாசம் கொடுத்தது.

இதற்கான மென்பொருளான ஐஎஸ்இ-யின் கடைசிப் பதிப்பு வந்தது 2013-ல். புதிய விவாடோ மென்பொருள் இந்தச் சிப்களைத் தொடுவதே இல்லை. லேபில் ஸ்பார்டன்-3 போர்டு இருந்தால் வெரிலாக் கற்றுக்கொள்ள அது இன்னும் நல்ல கருவிதான். ஆனால் புதிதாக வடிவமைத்து ஆலைக்குக் கொடுக்கப் போகும் கருவியில் அந்தச் சிப்பை வைத்தால், பழுதானால் மாற்ற ஆள் கிடைக்காத பழைய வண்டி கதைதான்.

வாங்கும் முன் தயாரிப்பாளரின் இணையதளத்தில் சிப்பின் நிலையைப் பாருங்கள். 'புதிய வடிவமைப்புக்குப் பரிந்துரைக்கப்படவில்லை' என்று இருந்தால் விலகிவிடுங்கள். நிறுத்தப்பட்ட சிப் சந்தையில் மலிவாக வந்தால், பழைய போர்டில் இருந்து கழற்றியதாகவும் இருக்கலாம். பில் தரும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குவதே நல்லது.

கேள்வி 6: நம்ம ஊர் வெயிலைத் தாங்குமா?

விவரக் குறிப்பில் போட்டிருக்கும் மைக்ரோ ஆம்பியர் கணக்கு பெரும்பாலும் 25 டிகிரி செல்சியஸில் அளந்தது. சிவகாசி சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் 25 டிகிரியா இருக்கும்? வெப்பம் ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் வேகமாகக் கூடும். 'வழக்கமான' மதிப்பை நம்பாமல் 'அதிகபட்ச' மதிப்பை வைத்துக் கணக்குப் போடுங்கள். வணிக ரகத்தைவிட தொழிற்சாலை ரகம் வாங்குவது நல்லது. பெட்டியை வெள்ளை நிறத்தில், நிழலில் வையுங்கள். ஆல்கலைன் பேட்டரிக்கும் வெயில் ஆகாது.

விலைப் பட்டியலில் வராத செலவுகள்

சிப் விலை மட்டும் செலவு இல்லை. புரோகிராம் எழுதும் கேபிள், 1.2 வோல்ட் ரெகுலேட்டர், சில சிப்களுக்கு வெளி ஃபிளாஷ், 5 வோல்ட் சென்சாரை 3.3 வோல்ட் சிப்போடு பேச வைக்கும் லெவல் ஷிஃப்டர் எல்லாம் சேரும். சிப்பின் கால்கள் வெளியே தெரியும் வகையா, அடியில் உருண்டைகள் உள்ள வகையா என்றும் பாருங்கள். உருண்டை வகையை சாதாரண சால்டரிங் அயர்னால் ஒட்ட முடியாது. பிசிபியும் விலை ஏறும்.

இன்னொன்று, பேட்டரி மாற்றும்போது ஃபிளிப்-ஃபிளாப்பில் உள்ள எண்ணிக்கை அழிந்துவிடும். மதியம் 2 மணிக்கு பேட்டரி மாற்றினால், உள்ளே 60 பேர் இருக்கும்போதே திரை பூஜ்யம் காட்டும். பூஜ்யம் என்று காட்டும் கருவி, இல்லாத கருவியைவிட ஆபத்து. மாற்றும் ஒன்றிரண்டு நிமிடத்தைத் தாங்க ஒரு சூப்பர் கெப்பாசிட்டர் வையுங்கள், அல்லது ஃபிளாஷ் வசதியுள்ள சிப்பில் எண்ணிக்கையை அவ்வப்போது எழுதி வையுங்கள். மின்சாரம் அறுந்து திரும்பியிருந்தால் திரையில் எண்ணுக்குப் பதிலாக எச்சரிக்கைக் குறி வரட்டும்.

கருவி என்ன செய்யாது?

இரண்டு பேர் தோளோடு தோள் சேர்ந்து நுழைந்தால் ஒன்று என்றுதான் எண்ணும். ஒருவர் மட்டும் போகும் அகலத்துக்கு வழியைக் குறுக்க வேண்டும். ஆனால் ஆபத்து நேரத்தில் ஓடிவர அகலமான வழி தனியாகத் திறந்திருக்க வேண்டும். எண்ணுவதற்காக ஒரு கதவைக்கூட அடைக்கக் கூடாது. அந்த வழியாக வெளியேறியவர்கள் கணக்கில் கழிய மாட்டார்கள் என்பதால், விபத்து நேரத்தில் திரையில் தெரிவது கடைசியாக உள்ளே இருந்தவர்களின் எண்ணிக்கை. மீட்புக் குழுவுக்குத் தேவையானது அதுதான். வெளியே கூடி நிற்பவர்களை எண்ணிக் கழித்தால், இன்னும் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

விபத்தை இந்தக் கருவி தடுக்காது. உராய்வையோ, தவறான மருந்துக் கலவையையோ, உள்குத்தகையையோ ஒரு சிப் நிறுத்தப் போவதில்லை. உரிமத்தில் உள்ள எண்ணிக்கையைத் தாண்டியதும் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்து அடுத்த ஆளை வாசலிலேயே நிறுத்துவது மனிதர் கையில்தான் இருக்கிறது.

ஒரு பார்வையில்: வாங்கும் முன் ஏழு சரிபார்ப்புகள்

1. மைக்ரோகன்ட்ரோலரே போதுமா?
2. எத்தனை ஃபிளிப்-ஃபிளாப், எத்தனை எல்யூடி? மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறதா?
3. ரெகுலேட்டர், எல்இடி, திரை சேர்த்து சராசரி மின்னோட்டம் எவ்வளவு?
4. அதிகபட்ச வெப்பத்தில் கசிவு எவ்வளவு?
5. சென்சாரின் வோல்டேஜும் சிப்பின் வோல்டேஜும் ஒத்துப்போகிறதா?
6. சிப் இன்னும் உற்பத்தியில் இருக்கிறதா? மென்பொருள் இலவசமா?
7. பேட்டரி மாற்றும்போது கணக்கு என்ன ஆகும்?

கடைசியாக, காகிதக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். செய்து முடித்த போர்டை மல்டிமீட்டரோடு இணைத்து, ஒரு மதியம் முழுக்க வெயில் படும் பெட்டிக்குள் வைத்து அளந்து பாருங்கள். அங்கே கிடைக்கும் எண்தான் உண்மையான எண். அதை வைத்து பேட்டரி மாற்ற வேண்டிய தேதியைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். வாட்ச்மேனுக்கு விவரக் குறிப்பு புரியாது, தேதி புரியும்.